பன்னிரண்டு மணிக்குத் திறக்கும் அட்டை

அத்தியாயம் பதினாறு

போன வாரம் ஜாய்ஸை எங்கே விட்டோம்? செங்கல்பட்டில் பேங்க் வாசலில். பாஸ்புக்கின் பின்னட்டையில் ஒரு புகார் எண்ணை எழுதிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். வீட்டுக்குத் தளம் போட வைத்திருந்த ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரமும் மூன்று தடவையாக, அரை மணி நேரத்தில், அவள் கணக்கைவிட்டுப் போயிருந்தது. அவள் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. போனில் வந்த புத்தாண்டு வாக்குத்தத்தத்தைத் திறந்து பார்த்தாள்.

வாக்குத்தத்தம் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டிசம்பர் முப்பத்தொன்று ராத்திரி கோயிலில், அதாவது சர்ச்சில், ஆராதனை நடக்கும். பன்னிரண்டு மணி அடித்ததும், தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் சின்ன அட்டைகளில் ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். அட்டையில் ஒரு வேத வசனம் இருக்கும். வருடம் முழுக்க அவரவருக்கு அதுதான் துணை. பீரோ கதவில் ஒட்டுவார்கள், பர்ஸில் மடித்து வைப்பார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு அனுப்புவார்கள். கைக்கு வந்ததை வேண்டாமென்று வைத்துவிட்டு இன்னொன்று எடுக்கிற வழக்கம் கிடையாது.

ஜாய்ஸ் அந்தத் தட்டைத் தொட்டு மூன்று வருடமாகிறது. மகாபலிபுரம் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் அவள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். ஊரே கோயிலில் முழங்கால் போடுகிற ராத்திரியில்தான் அங்கே ஆட்டமும் பாட்டமும் அமர்க்களப்படும். அன்றைக்கு லீவு கேட்டால் ஒரேயடியாக லீவு கொடுத்துவிடுவார்கள்.

அதனால்தான் இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் பாஸ்டரம்மா நம்பரிலிருந்து, 'கோயிலுக்கு வர முடியாதவர்களும் இருந்த இடத்திலிருந்தே வாக்குத்தத்தம் எடுத்துக்கொள்ளலாம்' என்று வந்தபோது, தனக்கென்றே அனுப்பியது போல அவளுக்கு இருந்தது. தொட்டதும் போன் அனுமதி கேட்டது, கொடுத்தாள். இன்னொரு அனுமதி கேட்டது, அதையும் கொடுத்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வசனம் வரவே இல்லை.

மறுநாள் பணம் போயிற்று. புருஷன் ஆபிரகாமிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்றைக்கு முப்பத்தொன்று.

காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது ஆபிரகாம் வாசலில் உட்கார்ந்து, கிறிஸ்துமஸ் ஸ்டாரின் ஒயரில் டேப் சுற்றிக்கொண்டிருந்தான். சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் வேனை ஓட்டுகிறவன். இந்த வாரம் நைட் ஷிஃப்ட், ஆகவே பகலில் வீட்டில் இருந்தான். மூன்றாம் தேதி மேஸ்திரி வருவதைப் பற்றிக் கேட்பான், என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஜாய்ஸ் செருப்பை மாட்டினாள். அவன் கேட்கவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை. தப்பித்தோம் என்று படியிறங்கிவிட்டாள்.

ரிசார்ட்டில் நாற்பத்திரண்டு ரூம். எல்லாக் கட்டிலிலும் வெள்ளைத் துண்டை மடித்து அன்னப்பறவை செய்து வைக்க வேண்டும். ஜாய்ஸின் கை அதுபாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. பசிக்கவில்லை. அழுகை வரவில்லை. நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் நம்முடையது இல்லாதது போல இருக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

பத்தரை மணிக்கு நாத்தனார் ஜாக்குலின் கூப்பிட்டாள். அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவள்.

"அண்ணி, வேலையா கீறியா?"

"சொல்லு ஜாக்கு."

"ஒண்ணுமில்ல. நீ அனுப்புன வாக்குத்தத்தம் கீதுல்ல, அத இப்பவே தொறக்கலாமா, பன்னெண்டு மணிக்குத்தான் தொறக்கணுமா? எதுர்வூட்டு அக்கா கேக்க சொல்லுச்சு."

ஜாய்ஸ் கையிலிருந்த துண்டைக் கட்டிலில் வைத்தாள்.

"நான் இன்னா அனுப்பிச்சேன்?"

"இன்னா அண்ணி வெளாடுற. நேத்து சாயந்தரம் பெண்கள் ஐக்கியம் குரூப்ல போட்டியே. எனக்குத் தனியாவும் வந்துது."

நேற்று பேங்க்கில் ஒரு பெண் போனை வாங்கி, அந்த அட்டையை அழித்துக் கொடுத்திருந்தாள். அதிலிருந்து ஜாய்ஸுக்கு வாட்ஸ்அப் திறக்கவில்லை. எல்லாம் போன பிறகு வாட்ஸ்அப் எதற்கு என்று அவளும் விட்டிருந்தாள். தான் இல்லாத இடத்தில் தன் பெயர் மட்டும் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும் என்று யார் கண்டது?

"ஜாக்கு, அத நான் அனுப்பல. தொறந்துட்டியா?"

"இல்ல அண்ணி. யாரும் தொறக்கல. தெருவுல எல்லாரும் பேசி வச்சிகினு கீறோம். ராத்திரி பன்னெண்டு அடிச்சதும் கோயில்ல ஒண்ணா தொறக்கலாம்னு. டூட்டிக்குப் போறவங்க அங்கங்கயே தொறப்பாங்க. இன்னா ஆச்சு, கொரலு ஒரு மாதிரி கீது?"

கோயிலின் பெண்கள் சங்கமான பெண்கள் ஐக்கியத்தில் தொண்ணூற்று நாலு பேர். பொத்தேரியில் ஹாஸ்டல் சமையலுக்குப் போகிறவர்கள், கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். ஆசிரியை இரண்டு பேர், நர்ஸ் ஒருத்தி. அவர்களுடைய அம்மாக்கள் அறுவடைக் கூலியை முந்தானையில் முடிந்தார்கள். இவர்கள் போனில் வைத்திருந்தார்கள். அத்தனை போனிலும் அந்த அட்டை பன்னிரண்டு மணிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

முன்கூட்டி எடுத்ததால் ஜாய்ஸ் மாட்டிக்கொண்டாள். முறைப்படி எடுக்க வேண்டும் என்று காத்திருந்ததால் மற்றவர்கள் இன்னும் பிழைத்திருந்தார்கள். இன்னும் பதின்மூன்றரை மணி நேரம்.

விஷயத்தை இரண்டு வரியில் சொன்னாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சரி, அத அப்பால பாப்போம். நான் குரூப்ல போட்டுடறேன், தொறக்காதீங்கன்னு."

"எப்பிடி போடுவ? அதான் பூட்டி வச்சிகீதே."

ஆமாம், பூட்டித்தான் இருந்தது. காலை வணக்கம், ரோஜாப்பூ, பேரப்பிள்ளையின் மொட்டை என்று நாளைக்கு நூறு படம் வருகிறதென்று போன மாதம் பாஸ்டரம்மாதான் குரூப்பைப் பூட்டினார். அட்மின்கள் மட்டும் எழுதலாம். அட்மின்கள் இரண்டே பேர். ஒருவர் பாஸ்டரம்மா, இன்னொருத்தி சங்கச் செயலாளர் ஜாய்ஸ். பூட்டும் சாவியும் இப்போது திருடன் கையில்.

மேனேஜர் உப்பிலி சார் நீச்சல்குளத்தருகே நின்று, பந்தலுக்கு சீரியல் லைட் கட்டுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நான் வூட்டுக்குப் போவணும்."

"இன்னைக்கா? என்னம்மா ஜாய்ஸ், உடம்புக்கு முடியலையா?"

"இல்ல சார்."

"வீட்டுல யாருக்காவது ஏதாவது?"

"இல்ல சார். போவணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மூன்று வருடமாக ஒரு நாள்கூட இப்படி வந்து நிற்காதவள். "நான் போகாதேன்னு சொல்லல. ஆனா நாளைக்கு முதலாளி கேட்டா என்னால தாங்கிப் பிடிக்க முடியாது. அதைத் தெரிஞ்சுண்டு போ" என்றார்.

தெரிந்துகொண்டுதான் போனாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

கடற்கரை ரோடு முழுக்க போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து வருகிற கார்கள் வால் பிடித்து நின்றன. திருப்போரூர் பஸ் கிடைத்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துத் தெருவுக்குள் வரும்போது மணி மூன்றரை. வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகப் பாஸ்டர் வீட்டுக்குப் போனாள்.

பாஸ்டரம்மா ஹெப்சிபா சாப்பாட்டு மேஜையில் கேக்கைத் துண்டு போட்டு டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற டீச்சர். கேக்கைக்கூட ஸ்கேல் வைத்தது போல வெட்டுவார்.

"வா ஜாய்ஸ். டூட்டி இல்லையா?"

"பாஸ்டரம்மா, உங்க நம்பர்லருந்து எனக்கு ஒண்ணு வந்துது. ரெண்டு நாளிக்கி முன்னாடி."

கத்தி நின்றது. "திறந்துட்டியா?" என்றார் பாஸ்டரம்மா.

என்ன வந்தது என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே ஜாய்ஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உங்களுக்கு எப்பலருந்து தெரியும்?"

பாஸ்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "இருபத்தெட்டாம் தேதி. என் பென்ஷன் பணம் அத்தனையும் போச்சு. ஐயாவுக்கே தெரியாது. பண்டிகை வாரம் ஜாய்ஸ். பாஸ்டர் வீட்டுலயே ஏமாந்துட்டாங்கன்னு ஊர் சிரிக்குமேன்னு பயந்துட்டேன். ஒண்ணாம் தேதி முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு இருந்தேன். என் பேர்ல உனக்கு வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

இருபத்தெட்டாம் தேதி இந்த அம்மாள் வாயைத் திறந்திருந்தால் இருபத்தொன்பதாம் தேதி ஜாய்ஸ் அட்டையைத் திறந்திருக்க மாட்டாள். கோபப்பட வேண்டிய இடம் இது என்று ஜாய்ஸுக்குத் தெரிந்தது. கோபம் வரவில்லை. தானும் நேற்று மத்தியானத்திலிருந்து வாயை மூடிக்கொண்டுதானே இருக்கிறோம் என்று தோன்றியது. அவள் மூடியிருந்த அந்த நேரத்தில்தான் தொண்ணூற்று நாலு பேருக்குப் போயிருக்கிறது.

"எனக்கு வந்தது எல்லாருக்கும் போயிகீது பாஸ்டரம்மா, என் பேர்ல. ராத்திரி பன்னெண்டு மணிக்கு மொத்தமா தொறக்கப் போறாங்க."

பாஸ்டரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஆராதனை ஆரம்பத்துலயே ஐயாவைப் பொதுவா ஒரு வார்த்தை சொல்லச் சொல்றேன். தெரியாத லிங்க் எதையும் திறக்காதீங்கன்னு. உன் பேர் வேணாம், என் பேரும் வேணாம்" என்றார்.

"தெரியாதத யாரும் தொறக்க மாட்டாங்கம்மா. இது தெரிஞ்சவங்க அனுப்புனது." ஜாய்ஸ் நின்ற இடத்திலேயே நின்று, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். "பொதுவா சொன்னத எல்லாம் நானும் கேட்டுகினுதான் இருந்தேன். பேங்க்ல போர்டே கீது. டிவில சொல்றான். போன் பண்ணா ரிங்கு போறதுக்கு முன்னாடி அதத்தான் சொல்றான். அதெல்லாம் வேற யாருக்கோன்னு நெனச்சேன். உங்க பேரப் பாத்துதான் தொறந்தேன். என் பேரப் பாத்துதான் அவங்களும் தொறப்பாங்க. அப்ப என் பேரச் சொல்லித்தானே நிறுத்த முடியும்? கோயிலுக்கு வர முடியாம டூட்டில கீறவங்களுக்கு ஐயா சொல்றது எப்பிடிக் கேக்கும்?"

ஜாய்ஸ் வெளியே வந்தாள்.

கோயில் வாசலில் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, மைக்செட் கண்ணாயிரம் ஒயரை நீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருக்காரர். மாரியம்மன் கூழ் ஊற்றுவதிலிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் இந்த வட்டாரத்துக்கே அவர் குழாய்தான்.

"அண்ணாத்த, மைக்கு ஓடுதா?"

"இப்பதாம்மா குடுத்தேன். பாட்டு போடட்டா?"

"வாணாம். நான் பேசணும்."

"கமிட்டில கேட்டுகினியா?"

"இல்ல."

கண்ணாயிரம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, மைக்கை எடுத்துக் கையில் கொடுத்தார். "செவப்பு பட்டன அமுக்கிகினு பேசு. கிட்ட வச்சிக்காத, கூவும்."

கூவத்தான் செய்தது. அந்தச் சத்தத்துக்கே நாலு வீட்டில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நான் ஜாய்ஸ் பேசறேன். ஆபிரகாம் பொண்டாட்டி ஜாய்ஸ். நேத்து சாயந்தரம் என் பேர்ல உங்க போனுக்கு ஒரு வாக்குத்தத்தம் வந்துகீது. அத யாரும் தொறக்காதீங்க. இப்பவும் தொறக்காதீங்க, பன்னெண்டு மணிக்கும் தொறக்காதீங்க. அத நான் அனுப்பல. திருடன் அனுப்புனது."

தன் குரல் தெருக்கோடியில் மோதித் திரும்பி வருவதை அவள் கேட்டாள். வேறு யாரோ பேசுவது போலத்தான் இருந்தது. அது ஒரு வகையில் வசதியாகவும் இருந்தது.

"முந்தாநாளு நான் தொறந்தேன். எங்க வூட்டுக்குத் தளம் போட வச்சிருந்த காசு அவ்ளோவும் போயிடுச்சி. ஒரு லட்சத்து அறுவத்திரண்டாயிரம். எங்க வூட்டுக்காரருக்கே நான் சொல்லல. இப்ப இதுலதான் கேக்கறாரு."

கண்ணாயிரம் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார்.

"வந்த வசனத்த வாணாம்னு சொல்லக் கூடாது, அழிச்சா பாவம்னு நெனைக்காதீங்க. அதுல வசனமே இல்ல. நான் பாத்தேன். வட்டந்தான் சுத்தும். யாருனா தொறந்திருந்தா வெக்கப்படாதீங்க. போன ஏரோபிளேன் மோடுல போட்டுட்டு, வேற போன்லருந்து போலீஸ் நம்பரு ஒண்ணு ஒம்போது மூணு சைபருக்குப் பேசுங்க. பேங்க்ல சொல்லுங்க. பக்கத்து வூட்லயும் சொல்லுங்க. டூட்டிக்குப் போனவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. நான் ஒரு நாள் வாய மூடிகினு இருந்தேன். அந்த ஒரு நாள்லதான் உங்களுக்கு வந்துது."

பட்டனை விட்டாள்.

அப்புறம் ஒவ்வொரு வாசலாகப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கையில் முறுக்கு மாவு. எதிர்வீட்டு அக்கா போனை நெருப்பைப் பிடிப்பது போல நுனியில் பிடித்துக்கொண்டு, "இத எப்பிடி அழிக்கிறது, யாருனா சொல்லுங்களேன்" என்றாள். ஜாக்குலின் ஓடி வந்து அதை வாங்கி அழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள். யாரும் சிரிக்கவில்லை. ஜாய்ஸ் அதைக் கவனித்தாள். நேற்றிலிருந்து எந்தச் சிரிப்புக்குப் பயந்தோமோ, அது வரவே இல்லை.

யாரோ பின்னால் வந்து மைக்குக்குக் கை நீட்டினார்கள். பாஸ்டரம்மா. விரலில் கேக் துகள் ஒட்டியிருந்தது. "நான் ஹெப்சிபா பேசறேன். ஜாய்ஸுக்கு முன்னாடி ஏமாந்தது நான்" என்று குழாயில் கேட்டபோது, பாஸ்டர் வீட்டு ஜன்னல் திறந்தது.

ஆபிரகாம் வந்துகொண்டிருந்தான். கையில் டேப் சுருள் அப்படியே இருந்தது. வேகமாகவும் வரவில்லை, மெதுவாகவும் வரவில்லை. ஜாய்ஸ் தென்னை மரத்தடியில் நின்று காத்திருந்தாள். திட்டுவான். நாலு பேர் முன்னால் திட்டுவான். திட்டட்டும். எதுவும் உறைக்காத உடம்புக்கு அதுவும் ஒன்றுதான்.

பக்கத்தில் வந்து நின்றான்.

"எப்ப போச்சி?"

"நேத்து காலைல."

"ரெண்டு நாளா நீ சாப்புடாதப்பவே நெனச்சேன்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். திறக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"எனக்கும் வந்துது ஜாய்சு. நேத்து சாயந்தரம். உன் நம்பர்லருந்து."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தொறந்தீங்களா?"

"தொறந்தேன். கம்பெனி கேட்டாண்ட வேன்ல குந்திகினு இருந்தேன். கல்யாணமாயி பத்தொம்போது வருசத்துல நீ எனக்கு இன்னா அனுப்பி கீற? கேஸ் புக் பண்ணு, பால் வாங்கினு வா. அவ்ளோதான். மொத தபா எனக்குன்னு ஒரு வசனம் அனுப்பி கீறியேன்னு..." அவன் டேப் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீ வருசா வருசம் கோயிலுக்குப் போவ முடியாம மொகத்த தொங்கப் போட்டுகினு டூட்டிக்குப் போவல்ல. சரி, இந்த வருசம் நமக்குன்னு ரெண்டு பேருக்கும் சேத்து எடுத்து கீறான்னு நெனச்சேன். பன்னெண்டு மணி வரைக்கும் பொறுக்க முடியல."

இரண்டு நாளாக எங்கே போயிருந்ததோ அந்த அழுகை, இப்போது வந்தது. தளத்துக்கு வராத கண்ணீர், வேலைக்கு வராத கண்ணீர், பத்தொன்பது வருடத்தில் இவனுக்கு ஒரு வரி அனுப்பியதில்லையே என்பதற்கு வந்தது. தெரு பார்க்கிறதே என்ற நினைப்பு இல்லாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எவ்ளோ போச்சி உங்களுக்கு?"

"எங்கிட்ட இன்னா கீது, எட்டாயிரம் சொச்சம். வண்டி டியூ புடிச்சிட்டானாக்கும்னு நெனச்சேன். அப்பால சந்தேகம் வந்துது. பண்டிக முடிஞ்சி உங்கிட்ட சொல்லலாம்னு வுட்டுட்டேன். அது போவட்டும், நீ அழுவாத. இதப் பாரு."

போனைத் திறந்து அவளிடம் காட்டினான். வாட்ஸ்அப் அவனுக்கும் உள்ளே விடவில்லை.

"காலைல எங்க வேன்ல வர்ற வரதன் போன் பண்ணான். இன்னா அண்ணாத்த, ஷிஃப்ட் டைம் போடுற குரூப்ல வசனம் போட்டு கீறன்னு சிரிச்சான். கை பட்டு போயிருக்கும்டான்னேன். இப்ப நீ மைக்குல பேசுனப்பதான் எனக்கு ஒறைச்சது. மூணு வேனு, நூத்திமுப்பது பேரு. பாதி பேரு வடக்கத்தி பசங்க, ஊருக்கு அனுப்பறதுக்கே சம்பாரிக்கறவங்க. இன்னிக்கி ஆறு மணிக்குத்தான் அவங்களுக்கு சம்பளம் ஏறும். அந்த குரூப்லயும் நான் மட்டுந்தான் எழுத முடியும், நேர்ல போயித்தான் சொல்லணும்."

ஜாய்ஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மணி நாலேகால். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு எப்படிப் போனாலும் ஒரு மணி நேரம் ஆகும்.

ஆபிரகாம் அண்ணாந்து தென்னை மரத்தைப் பார்த்தான்.

"கண்ணாயிரம், இந்த சத்தம் சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் கேக்குமா?"

கண்ணாயிரம் ஏற்கெனவே ஏணியை மரத்தில் சாய்த்து, குழாயைக் கழற்ற ஏறிக்கொண்டிருந்தார்.